நம்பக வளர்ச்சிச் சோதனையில் பாதுகாப்பு இடைவெளி

நம்பக வளர்ச்சிச் சோதனை என்பது, புதிதாக வடிவமைக்கப்பட்ட ஒரு பொருளை ஓட்டிப் பார்த்து, அது பழுதானால் காரணத்தைக் கண்டறிந்து, வடிவமைப்பைத் திருத்தி, மீண்டும் ஓட்டிப் பார்க்கும் தொடர் முயற்சி ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் பொருளின் நம்பகத்தன்மை சிறிது உயர வேண்டும். 'வளர்ச்சி' என்ற சொல் அதைத்தான் குறிக்கிறது. இச்சோதனையைத் திட்டமிடுவோர், வாங்குபவர் கேட்ட அளவையே தம் இலக்காக வைத்துக்கொள்வதில்லை. அதைவிட உயர்ந்த ஓர் அளவை இலக்காக வைப்பர். கேட்ட அளவுக்கும் இலக்குக்கும் இடையே வேண்டுமென்றே விடப்படும் தூரம் பாதுகாப்பு இடைவெளி எனப்படும். தொழிற்சாலைகளில் இதை 'மார்ஜின்' என்றே சொல்வது வழக்கம்.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இருக்கிறது. அங்குள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில், ககன்யான் திட்டத்துக்கான சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சினின் தரைவழித் தகுதிச் சோதனைகள் 2024 பிப்ரவரி 13 அன்று முடிந்தன. மனிதரை ஏற்றிச் செல்லும் ராக்கெட்டில் பொருத்தத் தகுதியானது என்று அந்த எஞ்சினை ஏற்க, தரநிலை கேட்ட குறைந்தபட்ச எரிநேரம் 6350 விநாடி. நான்கு எஞ்சின்களைக் கொண்டு நடத்தப்பட்ட 39 எரியூட்டுச் சோதனைகளில் மொத்தம் 8810 விநாடி எரித்துப் பார்த்தார்கள். கேட்டதைவிட 2460 விநாடி, அதாவது ஏறத்தாழ 39 விழுக்காடு கூடுதல். (39 என்ற எண் இரண்டு முறை வருவது தற்செயலே.) கேட்ட அளவு கிடைத்ததும் சோதனையை நிறுத்தினால் என்ன, கூடுதல் எதற்கு என்ற கேள்விக்கு விடை தேடினால் பாதுகாப்பு இடைவெளியின் முழுக் கணக்கும் விளங்கும்.

முப்பத்தைந்து மதிப்பெண் கணக்கு

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற 35 மதிப்பெண் வேண்டும். சரியாக 35 எடுக்கும் அளவுக்கு மட்டும் படித்த மாணவர் ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். வினாத்தாள் சற்று எளிதாக வந்தால் 39 எடுப்பார், சற்றுக் கடினமாக வந்தால் 31. அவருடைய உண்மையான திறன் தேர்ச்சி அளவில்தான் இருக்கிறது. ஆனால் தேர்ச்சி கிடைப்பது நாணயம் சுண்டுவது போலத்தான். எந்த ஆசிரியரும் அவரிடம் 50-க்குப் படி என்றுதான் சொல்வார். அந்தப் 15 மதிப்பெண் தேர்வின் ஏற்ற இறக்கத்தைத் தாங்குவதற்கான இடைவெளி.

பொருள்களின் நிலை மாணவரைவிட மோசமானது. தேர்வில் ஐயம் வந்தால் மதிப்பெண் கொடுத்துவிடும் ஆசிரியர் உண்டு. நம்பகத்தன்மைச் சோதனையில் ஐயம் எப்போதும் பொருளுக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளப்படும்.

வீட்டு நீரேற்றும் பம்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு பழுதுகளுக்கு இடையே சராசரியாக 1000 மணி நேரம் ஓட வேண்டும் என்பது வாங்குபவரின் நிபந்தனை. இதைப் பழுதிடை நேரம் எனலாம். பழுது எந்த நேரத்திலும் ஒரே வாய்ப்புடன் வரக்கூடியது என்றும் எடுத்துக்கொள்வோம். இந்த 1000 மணியை 90 விழுக்காடு நம்பிக்கை மட்டத்தில், ஒரு பழுதும் வராமல் காட்ட வேண்டுமானால், எத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும்? 1000-ஐ 2.303-ஆல் பெருக்கினால் கிடைக்கும் 2303 மணி நேரம். (10-இன் இயல் மடக்கை 2.303 என்பது மேல்நிலை வகுப்புக் கணிதம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.) ஒரே பம்பை அவ்வளவு நேரம் ஓட்டலாம், பத்துப் பம்புகளை ஆளுக்கு 230 மணி ஓட்டியும் கூட்டிக்கொள்ளலாம்.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். உண்மையிலேயே 1000 மணி பழுதிடை நேரம் உள்ள பம்பு, அதாவது நிபந்தனையைச் சரியாக நிறைவு செய்யும் பம்பு, இந்தத் தேர்வில் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு? பத்து விழுக்காடுதான். நல்ல பம்பு பத்துக்கு ஒன்பது முறை தோற்கும். 2000 மணி பழுதிடை நேரம் கொண்ட பம்புக்குக்கூட 32 விழுக்காடு வாய்ப்பே உண்டு. ஐந்தில் நான்கு முறையாவது வெல்ல வேண்டுமென்றால், பம்பின் உண்மைத் திறன் கேட்டதைப்போல் பத்து மடங்கு, 10,000 மணிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கை முதன்முறை பார்க்கும் மாணவர்கள் எங்கோ பிழை இருப்பதாகவே நினைப்பார்கள். பிழை ஏதும் இல்லை. மோசமான பம்பு தப்பித்துவிடக் கூடாது என்று போட்ட கடும் நிபந்தனையின் விலையை நல்ல பம்பு செலுத்துகிறது.

விலையைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது: சோதனையை நீட்டி, சில பழுதுகளை அனுமதிப்பது. அதே 90 விழுக்காடு நம்பிக்கையில் ஒரு பழுது வரை அனுமதித்தால் 3890 மணி நேரம் ஓட்ட வேண்டும். 2000 மணிப் பம்பு வெல்லும் வாய்ப்பு 42 விழுக்காடாகிறது. ஐந்து பழுது வரை அனுமதித்தால் சோதனை நேரம் 9275 மணி. அதே பம்பின் வாய்ப்பு 68 விழுக்காடு. சோதனைக்கு அதிக நேரம் கொடுப்பவருக்குச் சிறிய இடைவெளி போதும். நேரமும் பணமும் இல்லாதவர் பொருளிலேயே பெரிய இடைவெளியை வைத்தாக வேண்டும். திட்ட மேலாளர்கள் பலர் இரண்டையும் ஒருசேரக் குறைக்கப் பார்ப்பார்கள். அப்போது தேர்வு நாணயம் சுண்டுவதைவிட மோசமாகிவிடும்.

வளர்ச்சிக்கும் ஓர் உச்சவரம்பு

மேலே சொன்னது கடைசித் தேர்வு பற்றியது. அந்தத் தேர்வுக்குப் பொருளைத் தயார் செய்வதே வளர்ச்சிச் சோதனையின் வேலை. இதற்கு எண்கணித வடிவம் கொடுத்தவர்களில் இருவர் பெயர் எல்லாப் பாடநூல்களிலும் வரும். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த டுவேன், பலவகை இயந்திரங்களின் சோதனைப் பதிவுகளை ஒப்பிட்டு 1964-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மொத்தச் சோதனை நேரத்தையும், அதுவரையிலான சராசரிப் பழுதிடை நேரத்தையும் மடக்கைத் தாளில் குறித்தால் ஏறத்தாழ ஒரு நேர்கோடு வருகிறது என்பது அவர் கண்டது. கோடு செங்குத்தாக இருந்தால் திருத்தம் வேகமாக நடக்கிறது. படுத்திருந்தால் பழுதுகள் பதிவாகின்றன, திருத்தம் நடக்கவில்லை. பின்னர் அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வு அமைப்பில் பணியாற்றிய லாரி குரோ, 1974-இல் இதைப் புள்ளியியல் அடிப்படையில் நிறுத்தினார். அதன் பிறகுதான் கோட்டின் மீது எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதையும் கணக்கிட முடிந்தது.

நேர்கோட்டைப் பார்ப்பவருக்கு ஓர் ஆசை வரும்: சோதனையை நீட்டிக்கொண்டே போனால் நம்பகத்தன்மையும் ஏறிக்கொண்டே போகும் என்று. அப்படிப் போகாது. இரண்டு காரணங்கள் உண்டு. எல்லாப் பழுதுகளுக்கும் திருத்தம் செய்வதில்லை; சிலவற்றைத் திருத்தச் செலவு அதிகம், சில வெளியே வாங்கிய உதிரிபாகத்துக்குள் இருக்கும். அடுத்து, செய்த திருத்தமும் பழுதை முழுவதும் ஒழிப்பதில்லை. ஒழுகும் சீலை மாற்றினால் ஒழுகல் குறையும். அடியோடு நின்றுவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. பல திட்டங்களின் அனுபவத்தில், ஒரு திருத்தம் அந்தப் பழுதின் வேகத்தைச் சராசரியாக 70 விழுக்காடு குறைக்கிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

பம்புக்கே திரும்புவோம். சோதனைக்குள் நுழையும்போது அதன் பழுதிடை நேரம் 250 மணி. பழுதுகளில் 95 விழுக்காட்டைத் திருத்த நிறுவனம் ஒப்புக்கொள்கிறது; ஒவ்வொரு திருத்தமும் 70 விழுக்காடு பலன் தருகிறது. இரண்டையும் பெருக்கினால் 0.665. தொடக்கப் பழுதுவேகத்தில் மீதி 0.335 பங்கு எத்தனை ஆண்டு சோதித்தாலும் தங்கிவிடும். 250-ஐ 0.335-ஆல் வகுத்தால் 746 மணி. இந்தப் பம்பின் வளர்ச்சிக்கு அதுவே உச்சவரம்பு. 1000 மணி நிபந்தனையை இது எந்நாளும் எட்டாது. சோதனைக்கூடத்தில் கொட்டும் பணமெல்லாம் அந்த 746-க்குக் கீழேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

எனவே திட்டமிடுவோர் கணக்கைப் பின்னிருந்து போடுகிறார்கள். நிபந்தனை 1000 மணி. கடைசித் தேர்வில் ஓரளவு நிம்மதியாக வெல்ல வளர்ச்சிச் சோதனையின் இலக்கு 2000 மணி. உச்சவரம்பை ஒட்டிய இலக்கை அடையக் கணக்கற்ற நேரம் ஆகும். ஆகவே உச்சவரம்பு இலக்கைவிட மேலே இருக்க வேண்டும். இந்த விகிதத்தை வழக்கமாக 1.2 முதல் 1.5 வரை வைப்பர். 1.3 என்று வைத்தால் உச்சவரம்பு 2600 மணி. அதை 0.335-ஆல் பெருக்கினால் 871. அதாவது, 1000 மணி கேட்கப்பட்ட பம்பு, சோதனை தொடங்கும் முதல் நாளிலேயே 871 மணித் தரத்தில் இருக்க வேண்டும்.

இந்த ஓர் எண் பல திட்டங்களின் கதையை மாற்றிவிடும். "முதலில் எப்படியாவது ஒன்றைச் செய்து ஓட்டுவோம், குறைகளைச் சோதனையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று 250 மணிப் பொருளோடு வருபவருக்குச் சோதனை உதவாது. பாதுகாப்பு இடைவெளியின் பெரும்பகுதி வரைபலகையிலேயே தீர்மானமாகிவிடுகிறது: எந்தத் தாங்கி, எந்தத் தடிமன், எந்த உலோகம் என்ற முடிவுகளில்.

சோதனைக் களமும் பயன்படும் இடமும்

திருவான்மியூரில் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் ஏசியின் வெளி யூனிட்டைப் பார்த்தால் இந்தப் பகுதியை விளக்கவே வேண்டாம். உப்புக்காற்று பட்டு அலுமினியத் தகடுகள் பொடிந்து, இரும்புக் கால்கள் துருவேறி நிற்கும். அதே மாடல் யூனிட் கோயம்புத்தூரில் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும். தொழிற்சாலைகளில் உப்புத் தெளிப்பு அறை என்று ஒன்று உண்டு. 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 5 விழுக்காடு உப்புக்கரைசலைப் புகைபோல் தெளித்துப் பூச்சைச் சோதிப்பார்கள். அந்த அறையில் இத்தனை மணி தாங்கினால் கடற்கரையில் இத்தனை ஆண்டு தாங்கும் என்று நேரடியாக மாற்றிச் சொல்லும் வாய்ப்பாடு கிடையாது. அறைக்குள் எப்போதும் ஈரம்; வெளியே வெயில், மழை, தூசி, மின்னழுத்த ஏற்ற இறக்கம் எல்லாம் மாறி மாறி வரும். இந்த வேறுபாட்டுக்கும் சேர்த்தே இடைவெளி விட வேண்டியிருக்கிறது.

இதே வேறுபாடு இந்திய விண்வெளித் திட்டத்தில் மிகுந்த விலை கேட்டது. ஜிஎஸ்எல்வி ராக்கெட்டுக்கான முதல் உள்நாட்டுக் கிரையோஜெனிக் மேல்நிலை, மகேந்திரகிரியில் 2007 நவம்பர் 15 அன்று பறப்பில் எரிய வேண்டிய முழு நேரமான 720 விநாடியும் எரிந்து தேறியது. 2010 ஏப்ரல் 15 அன்று ஜிஎஸ்எல்வி-டி3 அதைச் சுமந்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. மேலே எஞ்சின் பற்றவைக்கும் கட்டத்தில், திரவ ஹைட்ரஜனை எஞ்சினுக்குத் தள்ளும் பூஸ்டர் டர்போ பம்ப் வேகமெடுத்துப் பின் நின்றுபோனது. ஜிசாட்-4 செயற்கைக்கோளோடு ராக்கெட் கடலில் விழுந்தது. சீல் ஒன்றில் சுழலி இறுகிப் பிடித்திருக்கலாம், அல்லது அழுத்தத்தாலும் வெப்பநிலைத் தகைவாலும் டர்பைன் உறை கிழிந்திருக்கலாம் என்பவை ஆய்வில் சுட்டப்பட்ட காரணங்கள். திரவ ஹைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 253 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் உலோகங்கள் வெவ்வேறு அளவில் சுருங்கும்; சுழலும் பாகத்துக்கும் நிற்கும் பாகத்துக்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளி மறைந்துவிடலாம்.

இங்கே 'இடைவெளி' என்ற சொல் அதன் நேர்ப்பொருளிலேயே வந்து நிற்கிறது.

தரையில் 720 விநாடி எரிந்தது பொய்யல்ல. தரையில் காற்று இருக்கிறது. எஞ்சின் வானில் பற்றவேண்டியது வெற்றிடத்தில். 2010-க்குப் பின் நடந்த திருத்தங்களில் இது தெரியும். பூஸ்டர் பம்பின் வடிவமைப்பு மாற்றப்பட்டது. பற்றவைக்கும் வரிசைமுறை மாற்றப்பட்டது. மகேந்திரகிரியின் உயர்வெளிச் சோதனைக் கூடத்தில் எஞ்சினை வெற்றிடச் சூழலில் பற்றவைத்துப் பார்த்தார்கள். அதன் பிறகு 2014 ஜனவரி 5 அன்று ஜிஎஸ்எல்வி-டி5 வெற்றி பெற்றது. பழுது, காரணம், திருத்தம், மறுசோதனை என்ற வளர்ச்சிச் சுழற்சியைப் பாடமாக நடத்த வேண்டுமானால் இந்த நான்கு ஆண்டுகளைச் சொன்னால் போதும். சிஇ-20 எஞ்சினுக்கு 2024 பிப்ரவரியில் நடந்த கடைசித் தகுதிச் சோதனையும் அதே உயர்வெளிக் கூடத்தில் செய்யப்பட்ட ஏழாவது வெற்றிடப் பற்றவைப்புச் சோதனைதான் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டி5-க்குப் பிறகு அந்த மேல்நிலை டி6, எஃப்05, எஃப்09, எஃப்08, எஃப்11 என்று தொடர்ந்து வென்றது. டி5-ஐயும் சேர்த்து ஆறு வெற்றிகள். ஆறு முறை தவறாமல் வென்ற ஒன்றைப் பற்றி எவ்வளவு உறுதியாகப் பேசலாம்? முந்தைய கணக்கின் வழியே போனால், 90 விழுக்காடு நம்பிக்கை மட்டத்தில், நம்பகத்தன்மை குறைந்தது 68 விழுக்காடு என்று மட்டுமே சொல்ல முடியும். உண்மை மதிப்பு அதைவிட நன்றாக உயர்ந்திருக்கலாம். ஆறு பறப்புகளின் சான்று அதற்கு மேல் பேசாது. 2021 ஆகஸ்ட் 12 அன்று ஏழாவதாகப் பறந்த ஜிஎஸ்எல்வி-எஃப்10, இஓஎஸ்-03 செயற்கைக்கோளுடன் தோற்றது. இம்முறை மூலக்காரணம் எஞ்சினில் இல்லை. ஹைட்ரஜன் தொட்டியின் அழுத்தத்தைக் காக்கும் வால்வு ஒன்றில் மென்மையான சீல் சேதமடைந்திருந்தது. தொட்டியில் அழுத்தம் குறைந்தது. அதனால் பூஸ்டர் பம்ப் ஒழுங்காக இயங்கவில்லை. எஞ்சினுக்கு எவ்வளவு பெரிய இடைவெளி விட்டாலும், அதற்குப் பக்கத்தில் இருக்கும் வால்வுக்கு அது குடை பிடிக்காது.

எண்ணிக்கை போதாதபோது

ஒருமுறை மட்டும் பயன்படும் பொருள்களுக்குச் சோதனை எண்ணிக்கையின் கணக்கு இன்னும் கடுமையானது. ஒரு பொருளின் நம்பகத்தன்மை 90 விழுக்காடு என்பதை 90 விழுக்காடு நம்பிக்கையில் காட்ட, 22 சோதனைகள் தோல்வியின்றி நடக்க வேண்டும். 99 விழுக்காடு என்று காட்ட 230 சோதனைகள். பட்டாசு செய்பவர் 230 வெடிகளை வெடித்துப் பார்க்கலாம். கிரையோஜெனிக் எஞ்சினை 230 முறை எரிப்பதை எந்த வரவுசெலவுத் திட்டமும் தாங்காது. சிஇ-20-இன் 39 சோதனைகளும் குறையின்றி நடந்தன என்றே வைத்துக்கொண்டு இதே எளிய கணக்கைப் போட்டால், கிடைக்கும் உறுதி சுமார் 94 விழுக்காடு. மனிதர்கள் ஏறும் வாகனத்துக்கு அந்த எண் தனியாகப் போதாது.

அதனால் பொறியாளர்கள் வேறு ஒரு வகை இடைவெளியை நாடுகிறார்கள். பலமுறை சோதிப்பதற்குப் பதிலாகக் கடுமையாகச் சோதிப்பது. பாலத்தின் மீது ஆயிரம் முறை பத்து டன் லாரியை ஓட்டிப் பார்ப்பதைவிட, சிலமுறை பதினைந்து டன் லாரியை ஓட்டிப் பார்ப்பது சில வேளைகளில் அதிகம் சொல்லும். பத்து டன்னில் ஒளிந்திருக்கும் பலவீனம் பதினைந்தில் வெளிப்பட்டுவிடும். வெளிப்படவில்லை என்றால் பத்து டன்னுக்கு நல்ல தூரம் இருக்கிறது என்று பொருள்.

மகேந்திரகிரியில் இரண்டு வகைகளும் சேர்ந்தே நடந்தன. சிஇ-20 எஞ்சின் 2015 ஜூலை 16 அன்று 800 விநாடி தொடர்ந்து எரிக்கப்பட்டது. பறப்பில் அது எரியவேண்டிய நேரத்தைவிட இது ஏறத்தாழ 25 விழுக்காடு அதிகம். அந்த எஞ்சின் பொருத்தப்பட்ட ராக்கெட் முதன்முறை முழுமையாகப் பறந்தது 2017 ஜூன் 5 அன்றுதான். ககன்யானுக்காக 2022 ஜனவரியில் நடந்த ஒரு தகுதிச் சோதனை 720 விநாடி. அதே மாதம் 20-ஆம் நாள் ராக்கெட்டின் இன்னொரு நிலையில் பயன்படும் விகாஸ் எஞ்சின் வெறும் 25 விநாடி எரிக்கப்பட்டது. நேரத்தைப் பார்த்தால் சிறிய சோதனை. ஆனால் எரிபொருளும் ஆக்சிகரணியும் கலக்கும் விகிதத்தையும் எரிப்பறை அழுத்தத்தையும் வழக்கமான அளவுக்கு அப்பால் கொண்டுபோய் எஞ்சின் தாங்குகிறதா என்று பார்த்த சோதனை அது. விகாஸ் எஞ்சின் 2021 ஜூலை 14 அன்று 240 விநாடி எரிந்த நீண்ட சோதனையோடு இதை ஒப்பிட்டு எது பெரியது என்று கேட்பது பொருந்தாது. ஒன்று கால அளவின் இடைவெளியைக் காட்டுகிறது, மற்றது பலத்தின் இடைவெளியை.

கடுமையாகச் சோதிப்பதிலும் ஒரு வரம்பு உண்டு. பயன்பாட்டில் ஒருபோதும் நேராத கொடுமையை உண்டாக்கினால், பயன்பாட்டில் ஒருபோதும் நேராத பழுதுதான் கிடைக்கும். பிளாஸ்டிக் குவளையை அடுப்பில் வைத்து உருகுகிறது என்று கண்டுபிடிப்பதால் குவளைக்கு நன்மை இல்லை.

எவ்வளவு போதும்?

இதற்கு எல்லாப் பொருளுக்கும் பொதுவான எண் கிடையாது. பழுதானால் என்ன நேரும் என்பதே முதல் அளவுகோல். மிக்சி நின்றால் அன்று சட்னி அம்மிக்குப் போகும், அவ்வளவே. மேல்நிலை எஞ்சின் பற்றாமல் போனால் செயற்கைக்கோள் போகும். மனிதர் இருந்தால் அவர்களைத் தப்பவைக்கத் தனி ஏற்பாடே வேண்டும். ககன்யானில் வீரர்கள் இருக்கும் கலத்தை ராக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும் தப்பிப்பு அமைப்பு அதற்காக வைக்கப்பட்டது. அது 2023 அக்டோபர் 21 அன்று தனியே பறக்கவிட்டுச் சோதிக்கப்பட்டது. எஞ்சினின் நம்பகத்தன்மைக்கு எவ்வளவு இடைவெளி விட்டாலும் அது தோற்கக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டவர்கள் செய்யும் ஏற்பாடு அது.

அடுத்தது, எவ்வளவு தெரியும் என்பது. முந்தைய மாடலில் சிறு மாற்றம் மட்டும் செய்த பொருளுக்கு 1.2 போதலாம். புதிய உலோகம், புதிய மென்பொருள், புதிய பணியாளர் என்றால் 1.5-உம் குறைவாகலாம். தெரியாததன் அளவுக்குத்தான் இடைவெளி. பொறியாளர் ஒருவர் எல்லாத் திட்டத்துக்கும் ஒரே எண்ணைப் போடுகிறார் என்றால் அவர் யோசிக்கவில்லை என்றே கொள்ளலாம்.

இடைவெளி அதிகமானாலும் கேடு. எடை கூடும், விலை கூடும். ராக்கெட்டின் மேல்நிலையில் ஒரு கிலோ கூடினால் செயற்கைக்கோளில் ஒரு கிலோ குறையும். பகுதி செய்பவர் தம் பங்குக்குக் கொஞ்சம், அதைச் சேர்ப்பவர் தம் பங்குக்குக் கொஞ்சம், சோதிப்பவர் தம் பங்குக்குக் கொஞ்சம் என்று யாருக்கும் சொல்லாமல் சேர்த்துக்கொண்டே போனால், கடைசியில் வாங்க ஆளில்லாத பொருள் உருவாகும். அதைவிட மோசம், எங்கே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. நெருக்கடியில் எதைக் குறைக்கலாம் என்று தேடும்போது, உண்மையில் தேவையானதையே வெட்டிவிடுவார்கள்.

இடைவெளி ஓசையில்லாமல் தேய்வதும் உண்டு. சோதனைக்கு ஆறு மாதம் என்று திட்டம் போட்டிருப்பார்கள். வடிவமைப்பு இரண்டு மாதம் தாமதமாகும். வெளியீட்டு நாள் மாறாது. வெட்டு சோதனை நேரத்தில்தான் விழும். மேலே பார்த்த கணக்கின்படி, சோதனை நேரம் குறைந்தால் பொருளில் வேண்டிய இடைவெளி கூட வேண்டும். ஆனால் பொருள் ஏற்கனவே செய்து முடிக்கப்பட்டுவிட்டது. இலக்கு எண் மட்டும் காகிதத்தில் அப்படியே நிற்கும்.

தேய்மானத்துக்கு இன்னொரு வழி, பழுதுகளை எண்ணும் முறை. "இது பொருளின் பழுதல்ல, சோதனைக் கருவியின் பழுது", "இதை இயக்குநர் தவறாக இயக்கினார்", "இதற்குத் திருத்தம் செய்தாகிவிட்டது, எனவே கணக்கில் வேண்டாம்" என்று ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்தால் வளர்ச்சிக்கோடு அழகாக ஏறும். தள்ளுபடிகளில் சில நியாயமானவை. எவை நியாயமானவை என்பதற்கான விதியைச் சோதனை தொடங்கும் முன்பே எழுதி வைப்பது நல்ல நிறுவனங்களின் வழக்கம். பழுது வந்த பிறகு எழுதும் விதி, மதிப்பெண் பார்த்த பிறகு தேர்ச்சி அளவை மாற்றுவதற்குச் சமம்.

திருத்தம் செய்த பொருளுக்குப் பழைய சோதனை நேரம் எவ்வளவு செல்லும் என்பதும் வாதத்துக்குரியது. வளர்ச்சிச் சோதனையில் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் பொருள் கொஞ்சம் புதிய பொருளாகிறது. தகுதிச் சோதனையிலோ வடிவமைப்பை உறையவைத்துவிட்டு எண்ணத் தொடங்குவர். சிஇ-20-இன் 8810 விநாடி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இதே எஞ்சினின் உந்துவிசையைக் கூட்டி 21.8 டன்னில் எரித்துப் பார்க்கும் முதல் சோதனை 2022 நவம்பர் 9 அன்று 70 விநாடி நடந்தது. 19 டன்னுக்குச் சேர்த்த விநாடிகளை 21.8 டன்னுக்கும் சான்றாக எடுத்துக்கொண்டுவிட முடியாது. மனிதத் தகுதி பெற்ற எஞ்சின் 19 முதல் 22 டன் வரையிலான உந்துவிசை வரம்புக்குரியதாக அறிவிக்கப்பட்டது.

தகுதி பெற்றது வடிவமைப்புதான், பறக்கப்போகும் எஞ்சின் அல்ல. தகுதிச் சோதனையில் பல்லாயிரம் விநாடி எரிந்த எஞ்சின்கள் ராக்கெட்டில் ஏறுவதில்லை. அதே வரைபடத்தின்படி செய்யப்பட்ட வேறொன்று ஏறுகிறது. அந்த ஒன்றில் ஒரு வெல்டிங் சரியில்லாமல் போயிருக்கலாம். ஆகவே ஆளில்லாத முதல் ககன்யான் பறப்புக்கு ஒதுக்கப்பட்ட எஞ்சினும் தனியாக ஏற்புச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டது. அந்தச் சோதனைகள் முடிந்ததையும் 2024 பிப்ரவரியில் 8810 விநாடிக் கணக்கோடு சேர்த்தே இஸ்ரோ அறிவித்தது.